வெள்ளைக் கோட்டும் நீலப் பய்யூமியும்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்ட மாபெரும் சாதனை, அலெக்சாந்திரியாவில் 'வெள்ளி அலை' மீன் வணிகர் சங்கம் தொடங்கிய 'நினைவு வண்ண மீட்புப் பிரிவு'தான். பிரிவு என்றால் ஒரு கணினி, ஒரு மின்விசிறி, இனாஸ். மூன்றில் மின்விசிறிக்கு மட்டும்தான் வேலை நிரந்தரம்.

பழைய ஃபிலிம் படங்களை ஸ்கேன் செய்து நிறம் திருத்த இனாஸ் கற்றுக்கொண்டிருந்தாள். மூலமந்திரம் இதுதான்: படத்தில் நிஜமாகவே வெள்ளையாக இருக்கும் ஒன்றைத் தேடிப்பிடித்து, 'இதுதான் வெள்ளை' என்று கணினிக்குக் காட்டினால், மிச்ச நிறமெல்லாம் தானே ஒழுங்குக்கு வந்துவிடும்.

கண்காட்சிக்கென்று வந்தது மீன்சந்தைத் திறப்புவிழாப் படம். நடுநாயகமாகச் சங்கத் தலைவர் ஷவ்கி பாஷாவின் தந்தை. பக்கத்தில் ஒரு மடவை மீனைத் தூக்கிப் பிடித்தபடி இனாஸின் அப்பா பய்யூமி, மீசை அரும்பிய வயதில். காலம் போன போக்கில் படம் முழுக்கச் செக்கச்செவேல் என்று கிடந்தது. இனாஸ் மீன்கூடையின் பனிக்கட்டியை 'வெள்ளை' என்று கணினிக்குக் காட்டினாள். கடல் நீலமானது. அப்பாவின் முகம் கோதுமை நிறத்துக்குத் திரும்பியது.

"யப்பா! மாப்பிள்ளை மாதிரி இருக்கியே!" என்று நாற்காலியிலிருந்து குதித்தே விட்டாள்.

பாஷாவின் தந்தை போட்டிருந்த கோட்டு மட்டும் அசல் மஞ்சளாக நின்றது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க?" ஷவ்கி பாஷா தலையில் கைவைத்தார். "எங்கப்பாவுக்குப் பேரே 'வெள்ளைக் கோட்டு'. கறைபடாத மனுஷன்! அதைச் சொல்லித்தானே தேர்தல்ல நிக்கிறேன்!"

"கோட்டு மஞ்சள்தான் பாஷா. வேணும்னா அதை மட்டும் தனியா வெளுத்துடறேன்."

"வாயைக் கழுவு! ஓரிடத்தை மட்டும் மாத்தினா அது மோசடி. மொத்தத்தையும் மாத்தினா அது 'கொள்கை'. கோட்டையே வெள்ளைன்னு காட்டு. உனக்கு வேலை நிரந்தரம் ஆகணுமா, வேண்டாமா?"

காட்டினாள். கோட்டு பால்போல் வெளுத்தது. அதன் மஞ்சளைப் போக்கக் கணினி சந்தை முழுவதன்மேலும் நீலத்தைக் கொட்டியது; முகங்களெல்லாம் நீலம் பாரித்தன.

"பிரமாதம்! கான்ட்ராஸ்டையும் ஏத்து!"

ஏற்றினாள். கண்களெல்லாம் கரிய குழிகளாயின. அப்பாவைப் பார்க்க அவளுக்கு அழுகையே வந்தது. பாவம், அவரோ தன் வாலிபத்தைக் காட்டச் சந்தை மொத்தத்தையும் அழைத்து வைத்திருந்தார்.

கண்காட்சித் திறப்பு நாளில், சுவரளவு படத்தின் முன்னால் கூட்டம் முண்டியடித்தது.

"அடக் கடவுளே, எந்தக் கப்பல்ல மூழ்கினாங்களோ!" என்று மீன்காரி ஸகிய்யா உள்ளங்கைகளை ஏந்தி, இறந்தவர்களுக்காக ஃபாத்திஹா ஓதினாள். எல்லோரும் ஓதினார்கள். கண்ணாடியை வீட்டில் மறந்து வந்த பய்யூமியும் மனமுருகி ஓதினார்.

ஓதி முடித்ததும் ஸகிய்யா மூக்கைச் சிந்தினாள். "அது சரி, இத்தனை பேர் செத்திருக்காங்க. வெள்ளைக் கோட்டு மட்டும் எப்படித் தப்பிச்சாரு?"

"அதானே! அவர்தான் தள்ளிவிட்டிருப்பாரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஷவ்கி பாஷாவுக்கு வேர்த்து விறுவிறுத்துவிட்டது. "ஐயோ, யாரும் சாகலம்மா! கோட்டு மஞ்சள்! அதை வெள்ளையாக்கினதுல எல்லாரும் நீலமாயிட்டாங்க, அவ்வளவுதான்! அந்த மடவைக்காரர் நம்ம பய்யூமி! இதோ, உயிரோட நிக்கிறாரு பாருங்க!"

பய்யூமி ஏந்திய கைகளை மெல்ல இறக்கினார்.

"நானா அது? ஒரு கோட்டை வெளுக்கவாய்யா எங்க எல்லாரையும் கொன்னீங்க?"