பதினொரு நாளில் ஒரு நீர்த்தேக்கம்

ஆறே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீர்த்தேக்கம் கட்டிய மகான்களின் பட்டியல் மிகச் சிறியது. அதில் முதலாவதாகவும் கடைசியாகவும் நிற்கும் பெயர் கொக்குவில் லெனாட். அவர் கட்டிய நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு முந்நூறு மில்லிலீட்டர்.

லெனாட் ‘கரையோரக் குடிநீர்த் தாங்கிகள் திட்டமிடல் பிரிவின்’ தலைமை அதிகாரி. அந்தப் பிரிவு திட்டமிடுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. ஆகவே கட்டுவது போன்ற அற்ப வேலைகளில் அது ஒருபோதும் இறங்கியதில்லை. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் நாற்பத்தாறு குடும்பங்களின் கிணறுகள் உவர்த்துப்போய்விட்டன. ஆறு வருடமாகக் குடிநீர் தேக்கிவைக்க ஒரு தாங்கி கேட்கிறார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் லெனாட் தவறாமல் பதில் எழுதினார்: “கசிவுப் பரிசோதனை உத்தியோகத்தர் பதவி வெற்றிடமாக உள்ளது. தாங்கி அமையும்வரை தாங்கிக்கொள்ளவும்.”

இப்படிப்பட்ட கடமை வீரரின் வீட்டில்தான் அந்த விபரீதம் நடந்தது. அவருடைய கம்பியூட்டர் கொதித்தது. தொண்ணூற்றிரண்டு பாகை! ஆசையாய் வாங்கிய மெசின், விளையாட்டின் நடுவில் அணைந்து அணைந்து போனது. லெனாட்டுக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே தண்ணீர் ஓடவிட்டு அதைக் குளிர்விக்க ஒரு குட்டித் தாங்கி கட்டுவது என்று முடிவெடுத்து, மறுநாளே ‘கடும் காய்ச்சல்’ என்று விடுமுறைக் கடிதம் கொடுத்தார். காய்ச்சல் யாருக்கு என்று படிவத்தில் கேட்கப்படவில்லை.

பின்வளவுக் கொட்டில் வேலைத்தலமாயிற்று. தடித்த அக்கிரிலிக் குழாயை வெட்டினார். அரத்தால் விளிம்பைத் தேய்த்தார். மூடிக்குத் துளையிட்டு இறப்பர் வளையம் பொருத்தினார். முதலாவது தாங்கி வெடித்தது. இரண்டாவது ஒழுகியது. மூன்றாவதில் தண்ணீர் ஊற்றுமுன், மனைவி மதுஷாவோடு ஓர் ‘உயர்மட்டக் கூட்டம்’ நடந்தது.

“குசினிப் பைப் ஒழுகுது. உந்த வளையத்திலை ஒண்டை எடுத்துப் போட்டுவிடுங்கோவன்,” என்றாள் மதுஷா.

“அது பரிசீலனையிலை இருக்கு. நீர் கொஞ்சம் தள்ளி நில்லும்,” என்றார் லெனாட்.

மனைவி தள்ளி நின்றாள். தாங்கிக்குள் ஊற்றிய நீரோ சொற்கேளாமல் அவர் மடியில் இறங்கியது.

நான்காவது தாங்கிக்குக் கீழே வெள்ளைக் கடுதாசி விரித்து, காலையிலிருந்து பொழுதுபடும்வரை கதிரையில் இருந்து கண்கொட்டாமல் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. ஆறு வருடமாக எங்கே தேடியும் கிடைக்காத கசிவுப் பரிசோதனை உத்தியோகத்தர், கடைசியில் கொட்டிலுக்குள் அகப்பட்டார்.

பதினோராம் நாள் திறப்பு விழா. கொட்டில் வாசலில் நாடா கட்டி முடிக்கும் நேரம், கரையோர ஒழுங்கையின் மாதர் சங்கத் தலைவி பூரணம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு பை தோடம்பழம்.

“சேருக்குக் காய்ச்சல் எண்டு கந்தோரிலை சொன்னவை. இப்ப சுகமோ?”

“இப்ப முப்பத்தெட்டுப் பாகைக்கு இறங்கப்போகுது. நல்ல நேரம் வந்தியள் அம்மா!” என்று கத்தரிக்கோலை அவர் கையில் திணித்தார் லெனாட். பிரதம விருந்தினர் திகைத்துப்போய் நாடாவை வெட்டினார்.

லெனாட் காய்ச்சி வடித்த பற்றறித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குழந்தைக்குப் பால் புகட்டுவது போல ஊற்றினார்.

“கிணத்துத் தண்ணி விடேலாதோ?”

“ஐயோ அம்மா! உப்புப் படிஞ்சால் உள்ளுக்கை எல்லாம் பழுதாப்போகும்.”

“எங்களுக்கும் டொக்டர் உதைத்தான் சொன்னவர்,” என்றார் பூரணம். “உது செய்ய எத்தினை நாள் பிடிச்சது?”

“பதினொரு நாள்!” லெனாட்டின் நெஞ்சு விரிந்தது. “வடிவமைப்பு, கட்டுமானம், பரிசோதனை எல்லாம் நான் தனிய.”

தாங்கியோடு பொருத்திய குட்டிப் பம்ப் முனகியது. தண்ணீர் ஓடியது. திரையில் ஒரு நகரம் விரிந்தது. விளையாட்டில் அந்த நகரத்துக்கு மேயர் லெனாட்தான். மூன்று இலட்சம் குடிமக்கள். அங்கே ஒரு வீட்டுக்குத் தண்ணீர் நின்றாலும் அதன் கூரைமேல் சிவப்புத் துளி ஒன்று மினுங்கும். இப்போதும் ஒன்று மினுங்கியது. லெனாட் பதறிப்போய், பூரணத்தைக்கூட மறந்து, அந்த வீட்டுக்குக் குழாய் பதித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

“எங்கடை கூரையிலையும் உப்பிடிச் சிவப்பு மினுங்கினால் உங்களுக்குத் தெரியுமே, சேர்?”

லெனாட்டின் மனம் உண்மையாகவே இளகிவிட்டது. மௌஸைப் பிடித்தார். நகரத்தின் கடலோரத்தில் ஓர் ஒழுங்கை போட்டார். நாற்பத்தாறு வீடுகள். நடுவில் உயரமான தாங்கி. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“பாருங்கோ அம்மா, ‘பூரணம் ஒழுங்கை’! இருபத்துநாலு மணித்தியாலமும் தண்ணி!” அவருக்குக் கண் கலங்கியது.

பூரணம் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, கத்தரிக்கோலையும் தோடம்பழப் பையையும் மேசையில் வைத்தார்.

“வடிவாய் இருக்கு, சேர். தண்ணிப் பவுசர் வாற நேரம், நான் போட்டு வாறன்.”

மறுநாள் லெனாட் கடமைக்குத் திரும்பினார். கரையோர ஒழுங்கையின் ஆறு வருடக் கோப்பை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்:

“தாங்கி அமைக்கப்பட்டது. கசிவு இல்லை. பயனாளிகளின் பிரதிநிதி நேரில் பார்வையிட்டுத் திருப்தி தெரிவித்தார். கோப்பு மூடப்படுகிறது.”