கிணற்றின்மேல் படுத்த புளியமரம்

கணியம்பாடியில் இருக்கும் மாப்பிள்ளை சுந்தரமூர்த்தி அவர்களுக்கு, ஆம்பூரிலிருந்து மாமனார் ரத்தினசாமி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை ராஜம்மாளும் சுகம். நீங்களும், பிள்ளைத்தாய்ச்சியான என் மகள் கமலமும் சுகமாயிருக்க வள்ளிமலை முருகன் துணை. இது காசு கொடுத்து எழுதி வாங்கின கடிதமல்ல. ராப்பள்ளிக்கூடத்தில் கற்று நானே என் கையால் எழுதுவது. ஒவ்வொரு எழுத்தும் நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுவதால் நாளாகிறது. "இன்னா, காயிதம் எழுதுறியா, கோலம் போடுறியா?" என்கிறாள் உங்கள் அத்தை. எனக்குக் கோபமே வரவில்லை.

விஷயம் என்னவென்றால், கமலத்தைப் பிரசவத்துக்கு இப்போது அனுப்ப வேண்டாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் போன காற்றுமழையில் ரோட்டோரப் புளியமரம் சாய்ந்து, எங்கள் தெருவின் நல்லதண்ணீர்க் கிணற்றின்மேல் படுத்துவிட்டது. மற்றக் கிணறெல்லாம் தோல் பதனிடும் மண்டிகளின் கழிவு இறங்கிக் கரிக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு அதையா கொடுப்பேன்? நாமே வெட்டினால் சர்க்கார் மரம், கேஸாகிவிடும் என்று ரோடு இலாகா ஓவர்சீயரிடம் போனேன். "மரம் ரோட்டை மறிச்சா வெட்டுவேன். இது ரோட்டை மறிக்கலையே" என்றார். கிணறு புறம்போக்கில் இருக்கிறதே என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் போனால், "புறம்போக்குல முளைச்சாத்தான் என்னுது. இது சும்மா வந்து படுத்த மரம்" என்றார். கடைசியில் சுகாதார இன்ஸ்பெக்டர். "கிணத்துத் தண்ணியைச் சோதிக்கிறதுதான் என் வேலை. தண்ணியைக் கொண்டா" என்றார். "எடுக்கத்தான் முடியலையே ஐயா" என்றேன். "எடுத்தா சொல்லி அனுப்பு" என்றார்.

மூவரும் கெட்டவர்கள் அல்ல, மாப்பிள்ளை. யோசித்துப் பார்த்தேன். எங்கள் மண்டியிலும் வேலை பிரித்துத்தான் இருக்கிறது. சுண்ணாம்புக் குழிக்காரன் ரோமம் வழிக்க மாட்டான், ரோமம் வழிக்கிறவன் பட்டைத் தொட்டியில் இறங்க மாட்டான். ஆனால் ஈரத்தோலை அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது "பிடிச்சியா?" என்று கேட்டு, அவன் "பிடிச்சேன்" என்ற பிறகுதான் கையை விடுவான். சர்க்காரில் வேலையைப் பிரித்தவர்கள் பெரிய புத்திசாலிகள். அந்தப் "பிடிச்சியா"வுக்கு மட்டும் ஒரு இலாகா வைக்க மறந்துவிட்டார்கள்.

ஆகையால் என் மறு கடிதம் வரும்வரை கமலம் அங்கேயே இருக்கட்டும். அவளைக் கனம் தூக்க விடாதீர்கள். உங்கள் தாயாருக்கு என் கும்பிடு. கமலத்துக்கும் வயிற்றிலுள்ள பேரப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ரத்தினசாமி (சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: கமலத்தை உடனே அனுப்பவும். "நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள புள்ள பொறந்து பள்ளிக்கூடம் போய்டும்" என்று சொல்லி, உங்கள் அத்தையும் எதிர்வீட்டு சவுரியம்மாளும் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அரிவாளும் கோடாலியுமாகப் போய் மரத்தை வெட்டிவிட்டார்கள். சேதி தெரிந்ததும் மூன்று இலாகாவும் ஓடி வந்து "என் மரத்தை யார் வெட்டினது?" என்றன. "யாருதுன்னு நீங்க மூணு பேரும் மொதல்ல பேசி முடிங்க, அப்புறம் அவர் கால்ல விழறேன்" என்றாள் உங்கள் அத்தை. அடிமரத்தில் உட்கார்ந்து இன்னும் பேசுகிறார்கள். தாகத்துக்கு ஒரு குடம் இறைத்துக் கொடுத்தேன். சுகாதார இன்ஸ்பெக்டர் குடித்துவிட்டு, தண்ணீர் நன்றாயிருக்கிறது என்றார். கமலத்துக்கு வெந்நீர் வைக்க விறகும் ஜாஸ்தியாகவே இருக்கிறது. மேலே எழுதியிருப்பதை வாசிக்க வேண்டாம். கிழித்துவிடவும் வேண்டாம், எழுத வெகு கஷ்டப்பட்டேன்.