யாரும் திருடாத பாலகன்

படார் படாரென்று எதிர் வீட்டு வாசலில் வாணம் வெடித்தது. ஒடிலியாவின் கையிலிருந்து பின்னல் ஊசி நழுவி விழுந்தது.

"திருடிட்டாங்க! எங்க வீட்டுப் பாலகனைத் திருடிட்டாங்க!" எர்மெலிந்தாவின் குரலில் சந்தோஷம் வழிந்தது.

"இந்த வருஷமுமா!" ஒடிலியா பல்லைக் கடித்தாள்.

மெரிடா மலையில் ஜனவரி பிறந்தால் இப்படித்தான். குடிலில் படுத்திருக்கும் குழந்தை இயேசுவைப் பிப்ரவரி இரண்டாம் தேதிக்குள் எழுப்பி நிற்கவைக்க வேண்டும். அதுவரை அக்கம்பக்கத்தார் அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம். பிறகு வயலினும் மெழுகுவத்தியுமாக ஊர்வலம் வந்து திருப்பித் தருவார்கள். பறிகொடுத்த வீடு ஒயினும் கேக்கும் வைத்து விருந்து போடும். திருட்டுப் போகிற வீடுதான் மதிப்பான வீடு.

ஒடிலியா வீட்டில் ஒரு தடவைகூடப் போனதில்லை.

"அவளோடது கடையில வாங்கின பொம்மை! என்னோடது நான் சொந்தமா கம்பளி நூல் நூத்து, சுருள் சுருளா முடி வெச்சு, என் கையால பின்னினது. குடிலுக்கு மலைகூட ஒட்டுத்துணியில தைச்சிருக்கேன். எவனாவது சீண்டுறானா?"

கணவன் நெப்தாலி காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். "உன்மேல பொறாமையா இருக்கும்."

அன்று ஒடிலியா தெருப்பக்க ஜன்னலை விரியத் திறந்து, குடிலை அதன் ஓரத்துக்கே நகர்த்தினாள். அரை மணி நேரத்தில் யாரோ வெளியிலிருந்து ஜன்னலைச் சாத்தினார்கள். "பனிக்காத்து அடிக்குது அக்கா, உடம்புக்கு ஆகாது!"

"என் உடம்பைப் பத்தி உனக்கென்னடா?"

சரி, நாய்தான் பயமுறுத்துகிறது என்று அதைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். ஒடிலியாவின் நாய் காணாமல் போய்விட்டதாக ஊரே பேசியது. இளவட்டங்கள் அவள் வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். எல்லார் தலையிலும் கிறிஸ்துமஸுக்கு அவள் பின்னிக் கொடுத்த குல்லா; ஒவ்வொன்றும் ஒரு கண்ணை மறைத்தது.

"உங்களை யாருடா காவலுக்குக் கூப்பிட்டது?"

"நீங்க குல்லா கொடுத்தீங்களே அக்கா! இதுகூடச் செய்ய மாட்டோமா?"

ஆத்திரம் தலைக்கேற, சந்தையில் நின்று சத்தமாகவே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பூரா நாங்க வீட்டுல இல்லை. கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள்வேற விழாது."

ஞாயிறு சாயங்காலம் ஆசையோடு திரும்பி வந்தாள். கொல்லைக் கதவில் பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். பக்கத்தில் தச்சன் வில்மெர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"காசெல்லாம் வேண்டாம் அக்கா. தெருக்காரங்க சேர்ந்து செஞ்சது."

"நாசமாப் போச்சு!"

"நல்லாத்தான் போட்டிருக்கேன், இழுத்துப் பாருங்க!"

சடங்குக்குக் கடைசி நாள். எர்மெலிந்தாவின் பாலகன் பட்டுத் துணியில் ஊர்வலமாக வந்தார். வாசலில் அவள் மகாராணிபோல நின்றாள். "ஒடிலியா, நீயும் வந்து ஒரு வாய் கேக் சாப்பிடேன். உன் வீட்டுலதான் விருந்துக்கு வழியில்லையே!"

அவ்வளவுதான். ஒடிலியா நடுத்தெருவில் போய்க் கையை விரித்து நின்றாள். வயலின் நின்றது. வருஷா வருஷம் திருட்டுக்குத் தலைமை தாங்கும் கிழவர் நெக்தாரியோ திருதிருவென்று விழித்தார்.

"பெரியவரே, எனக்கொரு நியாயம் சொல்லுங்க! ஜன்னலைத் திறந்து வெச்சேன், நாயை விரட்டினேன், வீட்டையே காலி பண்ணிட்டுப் போனேன். என் பாலகன் என்ன பாவம் பண்ணினார்? அவரைத் திருட உங்களுக்குக் கை கூசுதா?"

நெப்தாலி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். "வேண்டாம், வீட்டுக்குப் போயிடலாம்."

"விடுங்க! இன்னிக்கு இவர் பதில் சொல்லியே ஆகணும்!"

நெக்தாரியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏன் தாயி கோவிச்சுக்கிற? வருஷம் தவறாம வந்துட்டுத்தான் இருக்கோம். தொட்டில்ல எப்பவும் ஒரு ஆட்டுக்குட்டிதானே படுத்திருக்கு. பாலகனை எங்கேதான் ஒளிச்சு வைக்கிற?"