ஜெர்மன் மெஷினுக்கு ஒரு கடுதாசி

இப்போதெல்லாம் எவனும் ஒரு சாமானைக் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. அடுப்பு எரியவில்லை என்றால் முன்பு குனிந்து ஊதினார்கள்; இன்றைக்குப் போனைத் தேய்க்கிறார்கள். மழை வருமா என்றாலும் போன்தான். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது.

கண்ணுச்சாமி இதைச் சத்தமாகவே சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எல்லோரும் ஒரு மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினோரு தோட்டக்காரர்கள் சேர்ந்து வாங்கிய ஜெர்மன் மெஷின். அன்று விடியற்காலையில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் லோடாக நானூறு கிலோ பச்சைக்காயை ஏற்றினார்கள். மதியமாகியும் காய் காயவில்லை. வேர்த்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே குற்றாலம் கொட்டியது. சாயந்திரத்துக்குள் சரியாகாவிட்டால் அத்தனையும் கறுத்துப்போகும். கறுத்த காயை எந்த வியாபாரியும் மோந்துகூடப் பார்க்கமாட்டான்.

“அட்டைக்கடி வாங்கிப் பறிச்ச காய்,” என்றாள் கண்ணுச்சாமியின் மனைவி ஆயம்மாள். “முத்துப்பாண்டி, ஏதாச்சும் செய்யிப்பா.”

முத்துப்பாண்டி ஸ்டோர் மேனேசர். “பயப்படாதீங்க அத்தே. கம்பெனிக்கு எழுதிருவோம். இங்கிலீசுல எழுதினா ஆறப் போட்டுருவான். அவன் பாசையிலயே எழுதினா வெரசாப் பதில் வரும். நான் இங்கிலீசுல அடிக்கிறேன், போன் ஜெர்மனா மாத்திரும்.”

“தமிழ்லயே கேளேன்டா,” என்றார் கண்ணுச்சாமி. “மெஷினை வித்தவன் அவன். புரியாட்டி அவன் ஆளைத் தேடட்டும்.”

“மாமா, அது ஜெர்மனி. உத்தமபாளையம் இல்ல.”

முத்துப்பாண்டி மளமளவென்று அடித்தான். ‘ஹீட் நாட் கெட்டிங். வாட்டர் கெட்டிங். கார்டமம் கெட்டிங் பிளாக். ப்ளீஸ் கெட்.’ போன் நொடியில் ஜெர்மனாக்கியது. அனுப்பிவிட்டு, சரிபார்ப்பதற்காக அந்த ஜெர்மனைத் தமிழுக்குத் திருப்பி வாசித்தான்.

“வெப்பம் பெறப்படவில்லை. தண்ணீர் பெறப்படுகிறது. ஏலக்காய் கறுப்பாகப் பெற்றெடுக்கிறது. தயவுசெய்து பெற்றுக்கொள்ளுங்கள்.”

“யாருடா பெத்தது?” என்றாள் ஆயம்மாள்.

“காய்தான், அத்தே.”

பத்து நிமிடத்தில் ஜெர்மனில் பதில் வந்தது. தமிழாக்கினால்: ‘யார் எதைப் பெற்றார்கள்? அனைவரும் நலமா?’

விஷயம் பரவி, ஓய்வுபெற்ற இங்கிலீசு வாத்தியார் வேலுச்சாமி வந்து சேர்ந்தார். கடிதத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“கெட்டுக்கு ஒரு அர்த்தமா இருக்கு? வாங்குறதுக்கும் கெட், ஆகுறதுக்கும் கெட், புரியிறதுக்கும் கெட், போய்ச் சேர்றதுக்கும் கெட். ஜெர்மன்காரன் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வார்த்தை வச்சிருக்கான்.”

“ஒத்த ஆளை வச்சா இங்கிலீசுக்காரன் அம்புட்டுச் சோலியும் பாக்குறான்?” என்றார் கண்ணுச்சாமி. “நம்ம எஸ்டேட்டு மாதிரியே இருக்கே.”

வாத்தியார் அதைக் கண்டுகொள்ளவில்லை. கெட் என்ற சொல்லை எந்தெந்த வகையில் ஆளலாமோ அத்தனை வகையிலும் ஆண்டு, ஒரு முழுப் பக்கம் சொல்லச் சொல்ல முத்துப்பாண்டி அடித்தான். முப்பத்தாறு வருடம் பாடம் நடத்திய களை முகத்தில் தெரிந்தது.

இந்த முறை பதில் வர அரைமணி ஆனது. ‘உங்கள் மொழிநடை மிக உயர்ந்தது. நான்கு பேர் கூடி வாசித்தோம். உங்களுக்கு அதிகச் சூடு தேவை என்று எடுத்துக்கொள்கிறோம். எழுபது டிகிரிக்கு ஏற்றவும்.’

ஏற்றினார்கள். காயிலிருந்து பிரியாணி வாசனை வந்தது.

“அய்யய்யோ, வேகுதுடா!” ஆயம்மாள் அலறினாள்.

வாத்தியார் பதறிப்போய் இன்னொரு கடிதம் சொன்னார். அதற்கு வந்த பதில், மின்விசிறியை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினார்கள். மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, மாடு கத்துவது போல் விடாமல் கத்தியது.

“எழுதிக் கிழிச்சது போதும்,” என்றார் கண்ணுச்சாமி. “மெஷினைச் சுத்திப் படம் பிடிச்சு அனுப்பு. கண்ணு இருக்குல்ல, பார்த்துக்கிடட்டும்.”

வேறு வழி தெரியாமல் முத்துப்பாண்டி முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று படம் பிடித்து அனுப்பினான்.

இரண்டே நிமிடம். பதிலில் ஒரு எழுத்துகூட இல்லை. அவர்கள் அனுப்பிய பின்பக்கப் படமே திரும்பி வந்திருந்தது. அதில் சிவப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்குள்ளே, முழியைப் பிதுக்கி நாக்கைத் தொங்கவிட்டபடி திருஷ்டிப் பூதம்.

அது போடி கடைத்தெருவில் கண்ணுச்சாமி வாங்கிய பூதம். புது மெஷினை ஊரே பார்க்கும், கண்ணு படும் என்று காலையில் பூசை முடிந்ததும் பின்பக்கம் வாகான இடமாகப் பார்த்து அவரே இறுக்கிக் கட்டியிருந்தார்.

“பூதத்துக்கு எதுக்கு வட்டம் போட்டிருக்கான்?” என்றான் முத்துப்பாண்டி.

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “கலை ஆர்வம்ப்பா. வெள்ளைக்காரனுக்கு நம்ம பொம்மைன்னா உசிரு. வேணும்னு கேக்குறான்.”

கண்ணுச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. “அதானே பாத்தேன்! இங்க காய் வேகுது, அவனுக்குப் பூதம் கேக்குதா? படத்தைப் பாத்து ஆளை அனுப்பித் தூக்கிட்டுப் போயிருவான். நான் வீட்டுல கொண்டுபோய் வைக்கிறேன்.”

விடுவிடுவென்று பின்பக்கம் போனார். கயிற்றை அறுத்தார். பூதத்தைப் பிடுங்கினார்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். கொண்டை ஊசி வளைவில் கொதித்து நிற்கும் பஸ்சின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தது போல ஆவி பீறிட்டு அவர் முகத்தில் அறைந்தது. பூதம் இருந்த இடத்தில் முறம் அளவு கம்பிவலை போட்ட ஓட்டை. மெஷின் கத்துவதை நிறுத்தியது. முத்துப்பாண்டி ஓடிப்போய் மின்விசிறியைப் போட்டு, சூட்டைக் குறைத்தான். கண்ணாடிக் கதவில் குற்றாலம் வற்றியது.

நாலு மணிக்கு ஆயம்மாள் தட்டிலிருந்து ஒரு காயை எடுத்துப் பார்த்தாள். கையில் ஈரம் ஒட்டவில்லை. பச்சை பச்சையாகவே இருந்தது.

“தப்பிச்சிருச்சு!” என்று கூவினாள்.

கீழே ஜீப்புக்குக் காத்திருந்த வேலையாட்கள்கூட ஏறி வந்து கை தட்டினார்கள். வாத்தியார் கண்ணுச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மாமா, நீங்கதான்யா எஞ்சினியர்!” என்றான் முத்துப்பாண்டி. ஆயம்மாள் மட்டும் ஓட்டையைப் பார்த்தாள், பூதத்தைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள்.

“என்ன பாக்குறே? வந்த கண்ணையெல்லாம் பூதம் உறிஞ்சிருச்சு. அதான் காய் பிழைச்சது,” என்றார் அவர்.

அப்போது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். முத்துப்பாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரை அமுக்கினான்.

“ஹலோ, குட் ஈவினிங் சார்...”

“குட் ஈவினிங் கெடக்கட்டும்ணே, ஆவி போற ஓட்டையில பூதத்தைக் கட்டின புண்ணியவான் யாரு?” என்றது ஒரு பெண்குரல். “நான் போடி பக்கம் ராசிங்காபுரம் கன்னையன் மக சந்திரவல்லி, இங்க ஜெர்மனியில கம்பெனி சர்வீசுக்குப் புதுசு. ஏதோ பெரிய ஜெர்மன் புலவர் எழுதியிருக்காருன்னு உங்க கடுதாசியை என் தலையில கட்டிட்டாங்க. பூதத்தைப் பாக்குற வரைக்கும் நம்ம ஊருன்னு தெரியாம, நான் அதைப் போன்ல போட்டுத் தமிழாக்கிப் படிச்சு, பதிலைத் தமிழ்ல எழுதி ஜெர்மனாக்கி அனுப்பிக்கிட்டு இருந்தேன்!”

வாத்தியார் மெதுவாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“தமிழ்ல கேளுங்கடான்னு அப்பவே சொன்னேன்,” என்றார் கண்ணுச்சாமி.

“அப்பு, அந்தப் பூதத்தைத் திரும்ப அங்க கட்டிராதீங்க!” என்று போன் கத்தியது.

“ஜெர்மனியாம். ராசிங்காபுரத்துல உக்காந்துக்கிட்டுப் பேசுறா. நீங்களும் நம்புறீங்க.”

கண்ணுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். பூதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்து அதை எங்கே கட்டலாம் என்று பார்த்தபடியே சரிவில் இறங்கினார்.