காரணமில்லாமல் நிற்பதற்குப் பதினைந்து நிமிடம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அதில் உங்கள் தங்கை கொஞ்சம் கூடுதல் நலம். போன மாதம் உங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். என்ன பாரம் தூக்கினீர்களோ தெரியவில்லை, இந்த வயதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா? நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வியாழக்கிழமை கொரியாவுக்கு விமானம். நாங்கள் ஒன்றாகச் சுற்றப் போகிறோமா, ஆளுக்கொரு திசையிலா என்பது நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

முதலில் பயணக் கம்பெனிக்காரர் ஒருவர் நாற்பது பேரோடு எங்களையும் சேர்த்து அழைத்துப் போவதாகச் சொன்னார். முன்னால் ஒருவர் கொடி பிடித்து நடப்பாராம், பின்னால் எல்லாரும் வரிசையாகப் போக வேண்டுமாம். எனக்குக் கேட்கவே மனசு குளிர்ந்தது. உங்கள் தங்கை அவர் எதிரிலேயே, "கொடி புடிச்சவர் பின்னாடி ஓடறதுக்கு நான் என்ன ஊர்வலமா போறேன்? நாமளே போலாங்க, நாமளே பிளான் போடலாம்" என்று எழுந்துவிட்டாள். பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் வீட்டில் இருக்க, பிளானை வேறு யார் போடுவது? அன்று சாயங்காலமே ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தேன். பதினோரு நாள், சியோல், கியோங்ஜு, பூசான், ஜேஜு தீவு, மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரி. பல் தேய்ப்பதற்கும் வரி உண்டு. உங்கள் தங்கைக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டேன், கேட்காமல் போட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. "எனக்கு ஒண்ணும் வேணாங்க. ஏதாவது ஒரு தெருவுல காரணமே இல்லாம கொஞ்ச நேரம் நிக்கணும்" என்றாள். இரண்டு நாள் மண்டையைக் குடைந்து இடம் கண்டுபிடித்தேன். ஆறாம் நாள், பூசான், பிற்பகல் 3.10 முதல் 3.25 வரை: காரணமின்றி நிற்றல். நன்றி சொல்வாள் என்று பார்த்தால், தாளைப் படித்துவிட்டு விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் தடதடவென்று உருண்டன.

டிக்கெட் வந்தபோது இன்னொரு வேடிக்கை. அதில் போட்டிருக்கிற நேரத்தைக் கழித்துப் பார்த்தால், போவதற்குப் பதின்மூன்று மணி நேரம், வருவதற்கு ஆறே மணி நேரம். அதே தூரம், அதே கம்பெனி, நடுவில் நிறுத்தமும் கிடையாது. எனக்கு ஆச்சரியமே இல்லை, மச்சான். டிப்போவிலும் இதே கதைதான். கிளம்பும்போது உருட்டுவார்கள், வீட்டுக்குத் திரும்பும்போது பறப்பார்கள். "பைலட்டுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்குல்ல?" என்று உங்கள் தங்கைக்கு விளக்கினேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். பயண நேரத்தில் இருமல் ஆகாதே என்று, 'வெந்நீர், காலை 6.40' என ஒரு வரி சேர்த்தேன். நானூற்றுப் பதின்மூன்று.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒத்திகை வைத்தேன். படுக்கையறை சியோல், கூடம் ரயில், சமையலறை பூசான், மொட்டைமாடி ஜேஜு. வாயில் விசில், கையில் ஓய்வு பெற்றபோது டிப்போவில் கொடுத்த கடிகாரம். அதன் முள்ளை இதுவரை நான் தொட்டதில்லை, கொரியாவிலும் தொடப் போவதில்லை. பெட்டியை உருட்டிய சத்தத்தில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் மேலே வந்து, "என்ன சார், வீடு காலி பண்றீங்களா?" என்றார். "இல்ல டாக்டர், பூசான் ரயில் கிளம்புது, கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். மனுஷர் என்னைப் பார்த்தார், உங்கள் தங்கையைப் பார்த்தார், வந்த வழியே இறங்கிவிட்டார். அதற்குள் நாற்பது வினாடி வீண். விசில் ஊதிவிட்டுத் திரும்பினால் உங்கள் தங்கை ரயிலிலும் இல்லை, பூசானிலும் இல்லை. பெட்டியோடு மொட்டைமாடியில் நின்று தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூசான்ல எறங்காம ஜேஜுவுக்கு எப்படி வந்தே?"

"வரணும்னு தோணுச்சு, வந்துட்டேன்."

"இது அட்டவணையிலயே இல்லையே!"

"அதனாலதான் வந்தேன். அந்தத் தாளைத் தூக்கிக்கிட்டு வந்தீங்கன்னா, எறங்கின எடத்துலயே நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இப்பவே சொல்லிட்டேன்."

மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. முப்பத்து நான்கு வருஷம் ஊரையே பஸ் ஏற்றி அனுப்பினேன். நானும் எங்கும் போகவில்லை, அவளையும் எங்கும் கூட்டிப் போகவில்லை. அவளோ மொபைலில் கொரிய பாஷை கற்றுக்கொண்டு, அந்த ஊர்க்காரர்கள் மாதிரி ஃப்ரிட்ஜுக்குக் குனிந்து வணக்கம் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். ஒரு போர்டு கூடப் படிக்கத் தெரியாத ஊரில் அவள் பக்கத்தில் நான் திருதிருவென்று விழித்தால் என் மரியாதை என்னாவது? கையில் அந்தத் தாள் இருந்தால்தான் எனக்குத் தைரியம். ஆகவே தயவுசெய்து போன் போட்டு, "மாப்பிள்ளை போட்ட டைம்னா சரியாத்தான் இருக்கும், பேசாம அதும்படி நட" என்று ஒரு அதட்டு அதட்டுங்கள். நேர விஷயத்தில் நான் தப்புச் செய்து யாராவது பார்த்ததுண்டா?

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று, எங்கேயும் லேட்டாகாமல் வாழ என் ஆசி. மாலை மணி சரியாக 4.52.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையை நம்பியிருக்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். உறை ஒட்டப் பசை வாங்கப் பல் டாக்டரிடம் போனேன். பேச்சோடு பேச்சாக அந்தப் பைலட் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டு, "சார், அங்க கடிகாரம் நமக்கு மூணரை மணி நேரம் முன்னாடி ஓடுது" என்றார். என் கடிகாரத்தை நம்பிப் போயிருந்தால் பதினோரு நாளும் ஒரு ரயிலைக் கூடப் பார்த்திருக்க மாட்டேன். மூச்சு வாங்க மேலே ஓடி வந்து சொன்னால், உங்கள் தங்கைக்கு டிக்கெட் வந்த அன்றே தெரியுமாம். உங்களுக்கும் அன்றே போனில் சொன்னாளாம். நீங்கள் சிரித்த சிரிப்பில்தான் முதுகு பிடித்துக்கொண்டதாம்! "தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?" என்றேன். "சொன்னா முள்ளைத் திருப்பி வெச்சுக்குவீங்க. சொல்லலைன்னா மொத ரயிலையே விட்டுட்டு, என்ன பண்றதுன்னு தெரியாம ஸ்டேஷன் வாசல்ல நிப்பீங்க. நானும் பக்கத்துல நிக்கலாம்னு பாத்தேன்" என்றாள். அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த ஆறாம் நாள் வரியை மட்டும் வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். அதிலும் நேரத்தை அடித்துவிட்டேன்.