எங்கள் தெருவுக்கு நீலம் போட்டவர்

எங்கள் தெருவில் வெள்ளை வேட்டி என்ற ஒன்றையே ஒழித்துக்கட்டியவர் பளிச்சு அண்ணன். இத்தனைக்கும் அவர் வைத்திருப்பது சலவைக்கடை. அதுதான் கொடுமை.

துணியை மடித்துக் கையில் தரும்போது, "பளிச்சுன்னு இருக்கா?" என்பார். பதிலுக்கு நிற்கமாட்டார். திரும்பி அடுத்த துணியை எடுத்துவிடுவார். அந்தப் பெயர் அதனால் வந்தது.

ஒரு காலத்தில் நிஜமாகவே பளிச்சென்றுதான் இருந்தது. பிறகு வருஷத்துக்கு வருஷம் நீலம் ஏற ஆரம்பித்தது. வெள்ளைத் துணியைக் கடைசியாக அலசும்போது நாலு சொட்டு நீலம் விடுவார்கள். அண்ணன் பாட்டிலையே கவிழ்த்தார். என் வேட்டி முதலில் புகை நிறம், அப்புறம் ஆகாய நிறம், கடைசியில் கத்தரிப்பூ நிறம்.

வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போனேன். நான் எங்கே போனாலும் பின்வரிசை தேடுகிற ஆள். அன்றைக்குப் பெண்ணின் மாமா கூட்டத்தில் கை தட்டிக் கூப்பிட்டார். "ஏப்பா நீல வேட்டி! இங்கென்ன உக்காந்திருக்க? பந்தியில சாம்பாரு ஊத்த ஆளில்ல, ஓடு!" சமையல்காரர்களின் யூனிபார்ம் என்று நினைத்துவிட்டார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. மொய் செய்யப் போனவன் சாம்பார் வாளி தூக்கினேன். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

தெருவில் யாரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் ஒருநாள் கேட்டார். "அண்ணே, இது வேட்டியா, தார்ப்பாயா?"

"ஒன் கண்ணுல கோளாறுலே! போய் டாக்டர்ட்ட காட்டு!"

கோளாறு யார் கண்ணில் என்பது, கடை வாசலில் ஆளில்லாமல் நின்ற புல்லட் பைக்கைப் பார்த்து, "உக்காருங்க, செத்த நேரத்துல தாரேன்" என்று அண்ணன் சொன்ன அன்றைக்குத் தெரிந்தது. அவர் சம்சாரத்தை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி அவரை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன்.

குனியக் கூடாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது, இஸ்திரிச் சூட்டுப் பக்கம் போகக் கூடாது என்று அனுப்பினார்கள். மருந்து ஒரு சொட்டுதான் விட வேண்டுமாம். சொட்டு விஷயத்தில் அண்ணனை நம்ப முடியுமா? மதினி மருந்தை ஒளித்து வைத்துத் தானே விட்டார்.

வீடு திரும்பிய மறுநாள் நான் துணி வாங்கப் போனேன். மருந்து விடுவதற்காக மதினி அவருடைய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணன் வெளுத்த துணி அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்தார். அலறினார்.

"கண்ணைக் கெடுத்துட்டாய்ங்க! வெள்ளையெல்லாம் நீலமாத் தெரியுது! ஏலே, ஆட்டோவக் கூப்பிடு!"

ஆட்டோவில் ஏறியதும் குரல் இறங்கிவிட்டது. "வெள்ளை தெரியாத கண்ண வச்சு நான் என்னலே தொழில் பாக்குறது?"

ஆஸ்பத்திரியில் மறுபடி குரல் ஏறியது. எல்லோரும் பார்த்தார்கள். எனக்குச் சுவருக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. நர்ஸம்மா பஞ்சை எடுத்துக் காட்டினார்.

"இது என்ன கலர், ஐயா?"

"வெள்ளை."

"என் கோட்டு?"

"வெள்ளைதான். ஒழுங்கா வெளுக்கல."

"இவர் வேட்டி?"

"நீலம்! அதத்தானம்மா சொல்றேன்!"

நர்ஸம்மா என் வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கும் நீலமாத்தான் தெரியுது. புரை இருந்தா வெள்ளை எல்லாம் மஞ்சளா, அழுக்காத் தெரியும். இப்பத்தான் நீங்க சரியாப் பாக்குறீங்க."

அண்ணன் கறுப்புக் கண்ணாடியை மெதுவாக மாட்டிக்கொண்டார். திரும்பும்போது ஆட்டோ பாதி வழி வந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"தெருவே நீலமாத் திரிஞ்சிருக்கு. ஒருத்தன் சொன்னானா?"

"டீக்கடைக்காரர் சொன்னாரேண்ணே."

"அது நக்கலு. நீ ஏன் சொல்லல?"

"கோவப்படுவீங்கன்னு..."

"பட்டா? கடிச்சா வச்சுருவேன்?"

வாளி தூக்கியது நான். கோபம் அவருக்கு!

வீட்டுக்கு வீடு ஆள் விட்டு வெள்ளைத் துணி அத்தனையும் திரும்ப வரவழைத்தார். மதினி அலசி அலசி நீலத்தை எடுத்தார். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டவில்லை. டீக்கடைக்காரர் வேண்டுமென்றே இரண்டு தடவை குறுக்கே நடந்து பார்த்தார். அப்போதும் பேச்சில்லை. அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

என் வேட்டி வந்தது. அவரே எடுத்துக் கொடுத்தார்.

"பளிச்சுன்னு இருக்கா?"

இந்தத் தடவை அவர் திரும்பிக்கொள்ளவில்லை. கண்ணாடியை உயர்த்திக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். வேட்டி மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம்.

"இருக்குண்ணே. ஆனா, இன்னும் கொஞ்சம் நீலம் விட்டிருக்கலாம்."

"ஏலே! ஒன் கண்ணுல கோளாறுலே! போய் டாக்டர்ட்ட காட்டு!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடிந்தது.