என் கேள்விக்கு மாலை வாங்கித் தந்த துபாஷி

புத்தூர், சித்தூர் ஜில்லா
1962, தை மாதம்

திருத்தணியில் சுகமாக வாழும் மைத்துனன் சிரஞ்சீவி ஏகாம்பரத்துக்குக் கோவர்த்தனன் அநேக ஆசீர்வாதம். நானும் உன் அக்காள் யசோதாவும் மகன் சம்பத்தும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். எல்லை பிரித்தபோது முருகனையும் உன்னையும் சேர்த்துத்தான் மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவன் அருள் எல்லை தாண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. உன் கடுதாசிதான் வருவதில்லை.

விஷயம் சம்பத்தைப் பற்றியது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். திருப்பதியில் ஒரு ஆபீசுக்குப் போனால் "நுவ்வு அரவவாடிவி" என்று தமிழன் பட்டம் கட்டி அனுப்புகிறார்கள், அரக்கோணம் பக்கம் போனால் "நீ ஆந்திராக்காரன்" என்கிறார்கள். பிள்ளை இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறான், இரண்டு பாஷையிலும் வேலை இல்லை என்கிறார்கள். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

இந்த நேரம் பார்த்து எலெக்ஷன் வந்தது. சந்தை மைதானத்தில் கூட்டம் என்றதும் என் கால் நிற்குமா? ஐம்பத்தைந்தாம் வருஷத்து எலெக்ஷன் ஞாபகம் வந்துவிட்டது. குண்டூர் பக்கத்துத் தலைவர் தெலுங்கில் முழங்க, நீ துபாஷியாகப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் எழுந்து, "ஏன் சாமி, மெட்ராஸை உட்டுப் பிரிஞ்சா வேலை கொட்டும்னீங்களே, எங்க கொட்டிக்கினு கீது?" என்று கேட்டேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ கண்ணைக்கூடச் சிமிட்டாமல், தங்களைத் தரிசித்ததே ஜென்ம சாபல்யம் என்று இந்தப் பெரியவர் சொல்கிறார் என்று தெலுங்கில் சொன்னாய். இரண்டு பாஷையும் தெரிந்த ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, தன்னைப் பார்த்துத்தான் மகிழ்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்து, தன் கழுத்து மாலையை என் கழுத்தில் போட்டார். அது ஒரு காலம் ஏகாம்பரம். கேள்வி கேட்டவனுக்கும் மரியாதை, கேட்கப்பட்டவனுக்கும் மரியாதை. உன்னை எல்லைக்கு அந்தப்பக்கம் அனுப்பியதிலிருந்து கூட்டத்துக்கு உப்பே இல்லை.

இம்முறை நிற்பவர் மதனப்பள்ளிக்கு அந்தப்பக்கத்துக்காரர், தமிழ் வராது. துபாஷியாக நம் அப்பாவுவைப் பிடித்துவிட்டார்கள். அவன்தான் பொய்யே சொல்லமாட்டானே! நான் எழுந்து, "உங்க பேச்சுல வேலை கீது, எம்புள்ளைக்கு எங்க கீது?" என்றதை ஒரு சொல் விடாமல், நான் இருமியது உட்படத் தெலுங்கில் ஒப்பித்துவிட்டான். தலைவர் முகம் மிளகாய்ப்பழமாகி, எதிர்க்கட்சிக்காரன் அனுப்பிய ஆள் என்று கத்த, தொண்டர்கள் என்னை அலாக்காகத் தூக்கி வேலிக்கு வெளியே வைத்தார்கள். மறுநாள் எதிர்க்கட்சிக் கூட்டம். அந்தக் கட்சியில் நிற்பவர் சத்தியவேட்டுத் தமிழர். "அவர் ஒருத்தனுக்காவது வேலை கொடுத்தாரா? நான் ஆயிரம் பேருக்குக் கொடுப்பேன்!" என்றார். "யார் யாருக்குன்னு சொல்லு சாமி" என்றேன். மதனப்பள்ளிக்காரர் அனுப்பிய ஆள் என்று அவரும் கத்தினார், அங்கேயும் தூக்கினார்கள், அதே வேலி. வீட்டுக்கு வந்தால் உன் அக்காள், "ரெண்டு கட்சிலயும் துட்டு வாங்கிக்கினு கத்தறேன்னு ஊரே சொல்லுது. அந்தத் துட்டை எங்கண்ணுல காட்டக்கூடாதா?" என்கிறாள்.

எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இனி எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கமாட்டேன், இது திருத்தணி முருகன்மேல் ஆணை. நீதான் உன் பக்கத்தில் சம்பத்துக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுக்கவேண்டும். அவனை அனுப்பிவிட்டு நாங்கள் எப்படி இருப்போம் என்பதை நினைக்கவே மனம் வரவில்லை.

உன் மனைவி கங்கம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். எல்லாரும் வயிறும் மனமும் நிறைந்து நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு
கோவர்த்தனன்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். உண்மை பேசியதற்காக அப்பாவுவை நிறுத்திவிட்டு, மதனப்பள்ளிக்காரர் சம்பத்தைத் துபாஷியாக வைத்துக்கொண்டார். நேற்றுக் கூட்டத்தில் அவன் தோளைத் தட்டி, "எதிர்க்கட்சிக்காரர் இந்த ஊருக்கு ஒரு வேலையாவது கொடுத்தாரா? நான் கொடுத்துவிட்டேன், இதோ நிற்கிறான்!" என்று தெலுங்கில் முழங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆணையை மறந்து எழுந்து, "ஓட்டுப் போட்ட மறுநாளு இந்த வேலை இருக்குமா சாமி?" என்று கேட்டேன். சம்பத் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், தங்களைப் பெற்ற தாயாரை எங்கள் நைனா கும்பிடுகிறார் என்று தெலுங்கில் சொன்னான். மாலை என் கழுத்தில் விழுந்தது. மேடையில் உன்னையே பார்த்தமாதிரி இருந்தது, ஏகாம்பரம். அழுதுவிட்டேன்.

வேலைக் கணக்கில் இப்போது சத்தியவேட்டார் ஒன்று பின்தங்கிவிட்டார். அவருக்குத் தெலுங்கு வராது, அவசரமாகத் துபாஷி தேடுகிறார். உடனே ரயிலேறு. மாமனும் மருமகனும் ஆளுக்கொரு மேடையில் நில்லுங்கள், கேள்வி கேட்க நான் இருக்கிறேன்.